டர்பன் மாணவிக்கு 'அரியர் சகஜம்' என்ற பதில் உதவாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இதழில் டர்பனிலிருந்து ஒரு மாணவி எழுதிய கேள்வியையும் அதற்கு உங்கள் கல்விப் பகுதியில் வந்த பதிலையும் படித்தேன். இரண்டாம் ஆண்டு பிகாம் அக்கவுண்டிங் படிக்கிறாள், ஜூன் தேர்வில் அக்கவுண்டிங்கிலும் ஸ்டாட்ஸ் என்கிற புள்ளியியலிலும் தவறிவிட்டாள், சி.ஏ. ஆக வேண்டும் என்பது வீட்டாரின் ஆசை, தொடர்வதா விடுவதா என்று கேட்கிறாள். பதிலில் விடாமுயற்சி இருந்தது, தன்னம்பிக்கை இருந்தது, அதிகாலையில் எழுந்து படிக்கச் சொல்லியும் இருந்தது. "அரியர் வைப்பது சகஜம், கடைசி ஆண்டுக்குள் எழுதி முடித்துவிடலாம்" என்று ஒரு வரியும் இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் எழுதுகிறேன். மதுரையிலோ கோவையிலோ படிக்கிற பெண்ணுக்கு அது சரியாக இருக்கலாம். தென்னாப்பிரிக்காவில் படிக்கிற பெண் அதை நம்பி உட்கார்ந்தால் படிப்பும் போகும், உதவித்தொகையும் போகும், பல்கலைக்கழகத்துக்குக் கட்ட வேண்டிய பாக்கி மட்டும் கையில் நிற்கும்.

நானும் டர்பன்தான், சாட்ஸ்வொர்த்காரி. இங்கே ஒரு உயர்கல்வி நிறுவனத்தின் மாணவர் ஆலோசனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், இப்போது சனிக்கிழமைகளில் கோயிலில் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்கிறேன். இந்த ஊரில் நம் பிள்ளைகள் வீட்டிலேயே ஆங்கிலம்தான் பேசுகிறார்கள், தமிழில் ஒரு பத்தி எழுதக்கூடிய இருபது வயதுப் பெண்ணைப் பார்ப்பதே அபூர்வம். அப்படிப்பட்ட பிள்ளை உங்களை நம்பி எழுதியிருக்கிறாள். அதனால் பதில் கொஞ்சம் நீளமாக இருந்தாலும் பரவாயில்லை, வெட்டாமல் போடுங்கள்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு முதலில் இங்குள்ள நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். கல்வியாண்டு பிப்ரவரியில் தொடங்கி நவம்பரில் முடிகிறது. 50 எடுத்தால் தேர்ச்சி. அதற்குக் கொஞ்சம் கீழே நின்றவர்களுக்குப் பெரும்பாலும் சப் என்கிற மறுதேர்வு கிடைக்கும். அதிலும் தவறினால், அந்தப் பாடத்துக்கு மறுபடியும் பணம் கட்டி, வகுப்புக்குப் போய், டெஸ்ட் எல்லாம் எழுதி, டீபி வாங்கி, முதலிலிருந்து படித்தாக வேண்டும். தேர்வை மட்டும் வந்து எழுதிவிட்டுப் போகிற வசதி கிடையாது. டீபி என்பது வருகையையும் உள்மதிப்பெண்ணையும் வைத்து ஒவ்வொரு பாடத்துக்கும் தருகிற தகுதி, அது இல்லாதவரைத் தேர்வு எழுத விடமாட்டார்கள். அப்புறம் முன்பாடம் என்று ஒன்று இருக்கிறது. முதல் பருவத்து அக்கவுண்டிங்கில் தவறியதால் இரண்டாம் பருவத்துப் பாடத்தை எடுக்கவே விடவில்லை என்று அவளே எழுதியிருக்கிறாள், உங்கள் ஆலோசகர் அந்த வாக்கியத்தைத் தாண்டிப் போய்விட்டார். ஒரு பாடம் போனதால் அவளுக்கு ஒரு முழு ஆண்டு போயிருக்கிறது என்பது அந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது.

இதற்கு மேல் பல்கலைக்கழகமே கணக்கு வைத்திருக்கிறது. ஒவ்வொரு பாடத்துக்கும் கிரெடிட் என்று ஓர் அளவு உண்டு, எடுத்த கிரெடிட்டில் எத்தனை தேறினாள் என்று பார்த்து, போதாவிட்டால் முதலில் எச்சரிக்கை, பிறகு கண்காணிப்பு, பிறகு வெளியேற்றம். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தில் இதற்கு ரோபாட் என்று பெயர், இந்த நாட்டில் ரோபாட் என்றால் ரோட்டு சிக்னல். பச்சை, ஆரஞ்சு, சிவப்பு. ஆரஞ்சு வந்த பிள்ளைகள் ஆலோசகரைப் பார்த்தாக வேண்டும், சிவப்பு என்றால் இடமே ஆட்டம் காண்கிறது. அந்த நிலைக்குப் போன பிறகு பாடம் மாற்றிக்கொடு என்று கேட்டால் எந்தத் துறையும் ஆசையோடு கூப்பிடாது. ஆரஞ்சில் இருக்கும்போதே கேட்டால் கேட்பார்கள். அதனால் அவள் முடிவெடுக்க வேண்டிய நேரம் இந்த ஆண்டுதான், கடைசி ஆண்டு இல்லை.

பணத்தின் கணக்கு இன்னும் கறாரானது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 350,000 ரேண்டுக்குள் இருப்பதால் என்எஸ்ஃபாஸ் என்கிற அரசு மாணவர் நிதி உதவியில் படிப்பதாகச் சொல்லியிருக்கிறாள். 2018 முதல் அது கடனாக இல்லாமல் உதவித்தொகையாகவே கிடைக்கிறது, நல்ல விஷயம். ஆனால் மூன்றாண்டுப் பட்டத்துக்கு நான்கு ஆண்டுகள் வரைதான் கொடுப்பார்கள், அதுவும் இளநிலைப் படிப்புக்கு மட்டும், ஒவ்வோர் ஆண்டும் போதுமான பாடங்களில் தேறிக்கொண்டே வந்தால் மட்டும். இவள் இப்போது இரண்டாம் ஆண்டு. அக்கவுண்டிங் இரண்டாம் நிலையை அடுத்த ஆண்டு திரும்பப் படித்து, மூன்றாம் நிலையை நான்காம் ஆண்டில் முடித்தால் கணக்கு சரியாகத் தீர்கிறது, மிச்சம் ஒன்றும் இல்லை. இடையில் இன்னொரு பாடம் சறுக்கினால் ஐந்தாம் ஆண்டுக்கு வீட்டுக் காசு. அப்பாவுக்கு வேலை போய்விட்டது, அம்மா வீட்டில் தையல் வேலை செய்கிறாள் என்று எழுதியிருக்கிற பெண்ணுக்கு அந்த ஐந்தாம் ஆண்டு எங்கிருந்து வரும்? படிப்பை முடித்தே விட்டாலும் கட்டணப் பாக்கி இருந்தால் சான்றிதழைக் கையில் தரமாட்டார்கள். இப்படிச் சான்றிதழ் உள்ளே கிடக்க, வெளியே கடையில் பில் போட்டுக்கொண்டிருக்கிற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, இனி அந்தப் பெண்ணிடமே பேசுகிறேன்.

அம்மா, முதலில் உன் மதிப்பெண் பட்டியலை எடுத்து வைத்துக்கொள். பல்கலைக்கழகத்தில் சேர்ந்த நாளிலிருந்து எழுதிய ஒவ்வொரு பாடத்தின் மதிப்பெண்ணும் அதில் இருக்க வேண்டும், சப் எழுதித் தேறியது எது என்றும் தெரிய வேண்டும். ஆசை, அழுகை எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் ஓரமாக வைத்துவிட்டு அதைப் படி. முதலாண்டு அக்கவுண்டிங்கில் சப் எழுதி 51 வாங்கியதாகச் சொல்கிறாய், பிசினஸ் சட்டத்தில் 66, இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸில் 71. படிக்கவே நேரம் இல்லாத மாணவிக்கு எல்லாப் பாடத்திலும் சேர்ந்தாற்போல மதிப்பெண் இறங்கும். உனக்கு அப்படி இறங்கவில்லை. எண்ணைக் கட்டம் கட்டமாகக் கொண்டுபோகிற பாடங்களில் மட்டும் விழுகிறாய், படித்துப் புரிந்து எழுதுகிற இடத்திலும், ஒரு வேலை எப்படி நடக்கிறது என்று வரைந்து காட்டுகிற இடத்திலும் நன்றாகவே நிற்கிறாய். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? உன் மூளை எந்தப் பக்கம் போகிறது என்று பட்டியல் சொல்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் நேரத்தையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிடு. வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு வரை மாலில் ஒரு கடையில் நிற்பதாக எழுதியிருக்கிறாய். இங்கே ஒரு கிரெடிட் என்றால் பத்து மணி நேர உழைப்பு, மூன்றாண்டுப் பட்டத்துக்குக் குறைந்தது 360 கிரெடிட். 16 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு வகுப்பு, டுடோரியல், வீட்டுப் படிப்பு எல்லாம் சேர்ந்து 160 மணி நேரம் ஆகிறது. பருவத்துக்கு நாலு பாடம் என்றால் 640 மணி நேரம், பதினாறு வாரத்தில் பிரித்தால் வாரம் 40 மணி. கடை வேலையும் சாட்ஸ்வொர்த்திலிருந்து இரண்டு டாக்சி (இங்கே அது ஷேர் வேன்) மாறி வந்துபோகிற நேரமும் சேர்ந்தால் அந்த நாற்பது எங்கே கிடைக்கும்? அக்கவுண்டிங்கை நீ பிடித்துப் படித்து, நேரம் போதாமல்தான் தவறினாய் என்று உன் மனசாட்சிக்குத் தெரிந்தால் அது வேறு கதை. அப்போது கடை நேரத்தைக் குறைத்து, டுடோரியலில் முன் வரிசையில் உட்கார்ந்து, அடுத்த ஆண்டு அதையே எடுத்துப் பார்க்கலாம், நான் தடுக்கமாட்டேன். ஆனால் "பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்தாலே வயிற்றைப் புரட்டுகிறது" என்று எழுதுகிறவள் நேரம் கிடைத்தால் மட்டும் சி.ஏ. ஆகிவிடுவாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஏனென்றால் சி.ஏ. பாதையின் நீளம் உன் வீட்டில் யாருக்கும் தெரிந்த மாதிரி இல்லை. அங்கீகரித்த பிகாம் மூன்று ஆண்டு. அதற்குப் பிறகு சிடிஏ என்று சொல்கிற ஓராண்டு முதுநிலைப் படிப்பு, இங்கேதான் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே தடுக்கி விழுகிறார்கள். ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங், மேனேஜ்மென்ட் அக்கவுண்டிங், வரி, ஆடிட்டிங் நாலும் ஒரே ஆண்டில் தலைமேல் வந்து விழும். அதன்பின் சி.ஏ. சங்கத்தின் முதல் தகுதித் தேர்வு, ஆர்ட்டிகிள்ஸ் என்கிற மூன்றாண்டு வேலைப் பயிற்சி, அந்தப் பயிற்சிக் காலத்திலேயே ஏபிசி என்கிற இறுதித் தகுதித் தேர்வு. எங்கேயும் தவறாமல் போனாலே ஏழு ஆண்டு. ஏழு ஆண்டும் நீ இப்போது வெறுக்கிற அதே பாடம்தான், இன்னும் கெட்டியாக. பிடித்தவர்களுக்கு அது அருமையான தொழில். பிடிக்காதவர்கள் நாலாவது ஆண்டில் வெளியே வந்தால் அதுவரை போட்ட காசும் வயதும் திரும்பாது.

நீ கேட்ட கேள்வி "தொடர்வதா, விடுவதா" என்று. நடுவில் ஒரு வழி இருப்பதை யாரும் உனக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. பிகாமை விடாதே, அக்கவுண்டிங் பிரிவை மட்டும் விடு. அதே துறையில், அதே பட்டத்தில், ஜெனரல் பிகாமுக்கு மாறி இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ், சப்ளை செயின், மேனேஜ்மென்ட், மனிதவளம் என்று உன் பல்கலைக்கழகத்தில் இருக்கிற பிரிவுகளில் இரண்டை எடுத்துக்கொள்ளலாம். முதலாண்டில் தேறியதில் பெரும்பகுதி அப்படியே கணக்கில் வரும். ஸ்டாட்ஸ் புதிய பிரிவுக்கும் கட்டாயமா இல்லையா என்று முதலில் கேள், கட்டாயம் என்றால் அதை ஒழுங்காக உட்கார்ந்து முடித்தே ஆக வேண்டும், தப்பிக்க முடியாது. எல்லாம் சரியாக அமைந்தால் உதவித்தொகையின் நான்கு ஆண்டுக்குள்ளேயே, ஒரு பருவம் மிச்சம் வைத்துக்கூட, முடித்துவிடலாம். இதைத் துறை அலுவலகத்தில் கேட்கும்போது வாய்வார்த்தையோடு திரும்பி வராதே. "நான் மாறினால் எந்தெந்தப் பாடம் கணக்கில் வரும், இன்னும் எத்தனை கிரெடிட் பாக்கி, எந்த ஆண்டில் முடியும்" என்ற மூன்றுக்கும் மின்னஞ்சலில் பதில் வாங்கிக்கொள். கவுண்டரில் ஒருவர் சொன்னதை நம்பி வந்து, அடுத்த பிப்ரவரியில் "அப்படி யார் சொன்னது?" என்று இன்னொருவர் கேட்க விழித்து நின்ற பிள்ளைகள் ஏராளம். மாறினால் உதவித்தொகை எத்தனை ஆண்டு மிச்சம் என்பதை நிதி உதவி அலுவலகத்தில் தனியாகக் கேள், ஏற்கெனவே வாங்கிய ஆண்டுகள் கழிந்தே போயிருக்கும்.

அக்கவுண்டிங் பிரிவை விட்டால் கணக்குத் தொழிலின் கதவே மூடிவிடும் என்று உன் மாமா சொன்னாராம். சி.ஏ.வுக்கு நேராகப் போகிற கதவு மூடும், உண்மைதான், பிறகு அந்தப் பக்கம் திரும்ப வேண்டுமென்றால் இணைப்புப் பாடங்கள் எழுத வேண்டியிருக்கும். ஆனால் கணக்குத் துறை முழுக்க சி.ஏ.க்கள் மட்டுமா இருக்கிறார்கள்? சைபா என்கிற இன்னொரு கணக்கர் சங்கத்தின் வழியாக மூன்றாண்டுப் பயிற்சி முடித்துத் தேர்வெழுதி புரொஃபஷனல் அக்கவுண்டண்ட் ஆனவர்கள் இருக்கிறார்கள், மேனேஜ்மென்ட் அக்கவுண்டிங்குக்கான சீமா தேர்வை எழுதியவர்கள் இருக்கிறார்கள், வரித் தாக்கலை மட்டும் தொழிலாக வைத்துப் பதிவு செய்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் எந்தப் பாடம் வரை படித்திருக்க வேண்டும் என்பது வேறு வேறு. பிற்பாடு ஆசை வந்தால் பார்த்துக்கொள்ளலாம், இன்றைக்கு அதை நினைத்துக் குழம்பாதே.

டிப்ளமோவுக்குப் போய்விடலாமா என்றும் கேட்டிருந்தாய். டியூடி (டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) மாதிரி இடங்களில் படிப்போடு வேலைப் பயிற்சியும் சேர்ந்து வருவது பெரிய லாபம், எங்கள் தலைமுறையில் அதன் முன்னோடியான எம்.எல். சுல்தானில் படித்தவர்களைக் கேட்டால் தெரியும். ஆனால் நிறுவனம் மாறினால் நீ சேர்த்து வைத்த கிரெடிட்டில் பாதிக்கு மேல் பொதுவாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள், சில நேரம் அதுவும் கிடைக்காது, முதலாண்டிலிருந்து தொடங்க நேரும். உள்ளேயே மாற வழி இருக்கும்போது வெளியே போவது எனக்குச் சரியாகப் படவில்லை. உள்ளே முடியாது என்று எழுத்தில் சொல்லிவிட்டால் மட்டும் சி.ஏ.ஓ. என்கிற பொது விண்ணப்ப அலுவலகம் வழியாக விண்ணப்பம் போடு. பல படிப்புகளுக்குச் செப்டம்பர் கடைசியில் மூடிவிடுகிறார்கள், ஆண்டு முடிவில் விண்ணப்பத்தை மாற்றிக்கொள்ள விடுகிற 'சேஞ்ச் ஆஃப் மைண்ட்' நேரத்தை நம்பிக் காத்திருக்காதே, நல்ல இடங்கள் அதற்குள் போய்விடும்.

தொலைநிலைக் கல்வி தருகிற யூனிசா பல்கலைக்கழகமா? வேலை கிடைத்த பிறகு, உன்னை நீயே மேய்க்கத் தெரிந்த பிறகு, நல்ல இடம். மண்டேலா விட்ஸ் பல்கலைக்கழகத்தில் சட்டப் படிப்பின் கடைசி ஆண்டில் பலமுறை தவறி வெளியே வந்தவர், கடைசியில் சிறையில் இருந்தபடியே 1989-இல் யூனிசா வழியாகத்தான் எல்எல்பி முடித்தார். அதைக் கேட்டுத் தைரியம் கொள், ஆனால் பத்தொன்பது இருபது வயதில் டுடோரியல் வைத்தும் சமாளிக்க முடியாத பாடத்தை நேர் வகுப்பே இல்லாமல் தொலைவிலிருந்து சமாளித்துவிடலாம் என்று நினைக்காதே.

எந்த முடிவானாலும் பேசாமல் காணாமல் போவதை மட்டும் செய்யாதே. இதை அடித்துச் சொல்கிறேன். மனம் வெறுத்து வகுப்புக்குப் போவதை நிறுத்திவிடுவார்கள், பெயர் மட்டும் பதிவில் இருக்கும். கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும், பட்டியலில் வரிசையாக 'தேர்வுக்கு வரவில்லை' என்று ஏறும், பிறகு எங்கே விண்ணப்பித்தாலும் அந்தப் பட்டியலைத்தான் முதலில் கேட்பார்கள். ஒரு பாடத்தைத் தாங்க முடியவில்லை என்றால் கடைசித் தேதிக்குள் முறையாக எழுதிக் கொடுத்து விலகு. வீட்டில் நோயோ சாவோ வந்து தேர்வு எழுத முடியாமல் போனால், அந்த வாரமே மருத்துவர் கடிதத்தோடு விண்ணப்பித்தால் தனித் தேர்வுக்கு வாய்ப்பு உண்டு. முடிவு வந்த பிறகு கொண்டுபோய்க் கொடுத்த கடிதத்தால் பலன் கிடைத்ததை நான் அதிகம் பார்த்ததில்லை.

சரி, வேலை விஷயம். பொய் சொல்லி உன்னைத் தேற்ற விரும்பவில்லை. 2025 முதல் காலாண்டில் இந்த நாட்டில் வேலையில்லாதோர் 32.9 சதவீதம், 15 முதல் 34 வயதுக்குள் பார்த்தால் 46.1. அதே கணக்கில் பட்டதாரிகளிடையே 11.7 சதவீதம். அதாவது பட்டம் வேலையை உறுதி செய்யாது, ஆனால் பட்டம் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் நடுவே இவ்வளவு தூரம் இருக்கிறது. அதனால்தான் படிப்பை விட்டுவிடு என்று நான் சொல்லமாட்டேன். எந்தப் பட்டம் என்பதைவிட முடித்த பட்டமா, பாதியில் நிற்பதா என்பதுதான் இங்கே பெரிய வித்தியாசம். நீ மட்டும் பின்தங்கிவிட்டாய் என்றும் நினைக்காதே. இங்குள்ள உயர்கல்வி மன்றம் 2013-இல் வெளியிட்ட அறிக்கையில், நேரில் வகுப்புக்குப் போய்ப் படிக்கிறவர்களிலேயே ஏறக்குறைய நாலில் ஒருவர்தான் குறித்த காலத்தில் முடிக்கிறார் என்று சொல்லியிருந்தார்கள்.

உன் கடிதத்தில் எனக்குப் பிடித்த வரி, நீ போகிற போக்கில் எழுதியது. லீவில் மாமாவின் கிளியரிங் அலுவலகத்தில், அதாவது துறைமுகச் சரக்கைக் கஸ்டம்ஸிலிருந்து விடுவிக்கிற அலுவலகத்தில், உதவி செய்ததாகவும் அது மட்டும் அலுக்கவே இல்லை என்றும் எழுதியிருந்தாய். அதைப் பிடித்துக்கொள். டர்பன் துறைமுகம் இருக்கிற வரை சரக்கை இறக்கி, வரி கணக்கிட்டு, கஸ்டம்ஸில் தாக்கல் செய்து, லாரி ஏற்றி அனுப்புகிற ஆட்கள் இந்த ஊருக்கு வேண்டும். எஸ்ஏடி 500 என்கிற கஸ்டம்ஸ் படிவத்தை யார் நிரப்புகிறார், எந்தப் பொருளுக்கு எந்த டாரிஃப் கோட் (வரி வகை எண்) என்று எப்படி முடிவு செய்கிறார், கோட் தவறினால் என்ன அபராதம், கப்பலில் ஏற்றும் வரையான எஃப்ஓபி விலைக்கும் கப்பல் கூலி, காப்பீடு சேர்ந்த சிஐஎஃப் விலைக்கும் என்ன வேறுபாடு, இதெல்லாம் சட்டமும் சிஸ்டமும் கலந்த வேலை. சரியாக உனக்கு 66-ம் 71-ம் வந்த இடம். டிசம்பர் லீவில் மறுபடி போ. டீ வாங்கிக் கொடுக்கிற பெண்ணாக இல்லாமல் ஒரு ஃபைலை முதலிலிருந்து முடிவு வரை பார்க்கிற பெண்ணாகப் போ. மாமாவிடம் கடைசியில் கடிதம் கேள், என்ன வேலை, எத்தனை மணி நேரம் என்று எழுதித் தரச் சொல். சொந்தக்காரர் என்று கூச்சப்படாதே, வேலைக்கு எடுக்கிறவர் கேட்பது அனுபவம், அந்த அனுபவம் யாருடைய அலுவலகத்தில் என்பதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். டிரைவிங் லைசன்ஸ் எடுத்துவிடு. இங்கே ஆரம்பநிலை வேலை விளம்பரங்கள் பலவற்றில் அதைக் கேட்கிறார்கள், நம் வீடுகளில் பெண் பிள்ளைக்கு அதைக் கடைசியாகத்தான் வாங்கிக் கொடுக்கிறோம். எக்ஸெலை விளையாட்டாக இல்லாமல் உண்மையாகக் கற்றுக்கொள். பட்டம் முடிந்ததும் உடனே வேலை அமையாவிட்டால் செட்டா என்கிற துறைவாரிப் பயிற்சி அமைப்புகளின் லேர்னர்ஷிப்புகளும் (வேலையோடு சேர்ந்த பயிற்சி), 2018-இல் தொடங்கிய யெஸ் என்கிற இளைஞர் வேலைத் திட்டத்தின் ஓராண்டு வேலை அனுபவமும் இருக்கின்றன. சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி இராது, ஆனால் 'அனுபவம் இல்லை' என்ற ஒரு பதிலை அது வாயடைக்கும். அதே சமயம் ஆறு மாதத்தில் டேட்டா சயின்டிஸ்ட் ஆக்குகிறேன் என்று உன் போனில் வருகிற விளம்பரத்துக்குப் பணம் கட்டாதே. கட்டுவதற்கு முன் அந்த நிறுவனம் உயர்கல்வித் துறையில் பதிவானதா, தருகிற சான்றிதழ் சாக்வா என்கிற தகுதிகள் ஆணையத்தின் பதிவில் இருக்கிறதா என்று தேடு. இருக்கிறது என்று அவர்கள் சொன்னால் போதாது, நீ தேடு.

இனி அவளுடைய அப்பாவுக்கும் மாமாவுக்கும். ஐயா, நம் வீடுகளில் டாக்டர், வக்கீல், சி.ஏ. என்ற மூன்றைத் தவிர வேறு பேச்சில்லாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது, அது முட்டாள்தனம் இல்லை. 1860-இல் ட்ரூரோ கப்பலில் மதராசிலிருந்து வந்திறங்கிக் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களின் பிள்ளைகள் நாம். நம் பையன்களுக்கு உயர்நிலைப் பள்ளியாக 1929-இல் சாஸ்திரி கல்லூரி வந்தது. 1961-இல் நமக்கென்று பல்கலைக்கழகக் கல்லூரி கொடுத்தார்கள், அதையும் டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரி தீவில் வைத்து, பிள்ளைகள் படகில் போய்ப் படித்தார்கள். 1956 சட்டம் வேலைகளை நிறம் பார்த்து ஒதுக்க வழி செய்தது. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரன் கதவைத் தட்டாமல் சொந்தமாகப் பலகை மாட்டிப் பிழைக்கக்கூடிய தொழில் எதுவோ அதைப் பிள்ளைக்குக் கொடுத்தார்கள், கொடுத்தது சரிதான். இன்றைக்கு நிலைமை அதுவா? 2025 தொடக்கத்தில் படிப்புக்குப் பிறகான கட்டாய சமூக சேவை ஆண்டை முடித்த மருத்துவர்களே நூற்றுக்கணக்கில் அரசுப் பணியிடம் இல்லாமல் காத்திருந்தார்கள். டாக்டருக்கே அப்படி என்றால், விருப்பமில்லாத பெண்ணை ஏழாண்டுப் பாதையில் தள்ளி என்ன பாதுகாப்பை வாங்கப் போகிறீர்கள்? பக்கத்து வீட்டுப் பெண் சி.ஏ. முடித்துவிட்டாள் என்றால் சந்தோஷம், அவளுக்கு அது வந்தது. உங்கள் மகள் முடித்த பிகாமோடு துறைமுகத்தில் வேலைக்குப் போனால் கோயிலில் யாரும் உங்களைக் கேவலமாகப் பேசமாட்டார்கள். பேசினால் என்னிடம் அனுப்புங்கள்.

ஒன்று மட்டும் கவலையாக இருக்கிறது. சாப்பிடவே பிடிக்கவில்லை, அறையை விட்டு வெளியே வருவதில்லை என்று அவள் எழுதியிருந்தாள், பதிலில் அதற்கு ஒரு வார்த்தை கூட இல்லை. அம்மா, உன் வளாகத்திலேயே மாணவர் உளவியல் ஆலோசனைப் பிரிவு இருக்கும், காசு வாங்கமாட்டார்கள், வீட்டுக்குச் சொல்லவும் மாட்டார்கள். துறை அலுவலகத்துக்குப் போவதற்கு முன் அங்கே போ. தனியாகப் போகப் பயமாக இருந்தால் ஒரு தோழியைக் கூட்டிக்கொண்டு போ. மற்றதெல்லாம் இரண்டு வாரம் தள்ளிப் போனாலும் குடிமுழுகாது, இது தள்ளக்கூடாது.

ஆசிரியர் அவர்களே, வெளிநாட்டிலிருந்து மாணவர்கள் கேள்வி அனுப்பினால் எந்த நாடு, எந்த ஆண்டு, யார் பணத்தில் படிக்கிறார்கள் என்று கேட்டு வாங்கிய பிறகு பதில் போடுங்கள். மொரீஷியஸில் ஒரு விதி, மலேசியாவில் ஒரு விதி, இங்கே ஒரு விதி. பதில் சொல்ல இங்கே ஓய்வு பெற்ற ஆட்கள் நாலைந்து பேர் இருக்கிறோம், காசு வேண்டாம். அந்தப் பெண் மறுபடி எழுதினால், அவள் விருப்பப்பட்டால் மட்டும், என் முகவரியை அவளுக்குக் கொடுங்கள். சனிக்கிழமை வகுப்பு முடிந்து பதினொரு மணிக்கு மேல் நான் சும்மாதான் இருப்பேன், மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கொண்டு வரட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்